பிளந்துபோன பழைய நாவல்: வீட்டிலேயே ஒட்டலாமா, பைண்டரிடம் கொடுக்கலாமா?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான். 1980-களில் அம்மா வாங்கிய 480 பக்க நாவல், மெல்லிய அட்டை. நடுவில் இரண்டாகப் பிளந்துவிட்டது, முன்பக்கம் இருபது தாள் போல ஒற்றை ஒற்றையாகக் கையோடு வருகிறது, ராப்பர் செல்லோடேப்பில் தொங்குகிறது. ஃபெவிகால் வாங்கி வீட்டிலேயே ஒட்டிவிடலாமா, திருவல்லிக்கேணிப் பக்கம் ஏதாவது பைண்டிங் கடையில் கொடுத்துவிடலாமா? மேலுக்கு இது பசையைப் பற்றிய கேள்வி. உள்ளே இருப்பது வேறு: அம்மா அதை மறுபடி முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும், அது அந்தப் பழைய புத்தகமாகவும் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் பசை டப்பாவைத் திறப்பதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். காகிதம் இன்னும் மடங்குகிறதா என்பது ஒன்று, புத்தகம் முதலில் எப்படிக் கட்டப்பட்டது என்பது இன்னொன்று.

முதலில் காகிதம். நடுவில் எங்காவது ஒரு தாளின் கீழ் மூலையை அரை சென்டிமீட்டர் அளவுக்கு மடித்து நகத்தால் அழுத்துங்கள். பிறகு எதிர்ப்பக்கமாக மடித்து அழுத்துங்கள். இப்படி முன்னும் பின்னுமாக நாலைந்து தடவை தாங்கினால் கவலையில்லை. இரண்டாவது மடிப்பிலேயே மூலை அப்பளம் மாதிரி முறிந்து வந்தால், அது நியூஸ்பிரிண்ட் அல்லது அதை ஒட்டிய மட்டமான தாள். மரக்கூழில் தங்கிய லிக்னின் என்ற மரப்பொருளும் தயாரிப்பில் சேர்த்த படிகாரமும் நாளடைவில் அமிலமாகி நாரை அரித்திருக்கும். போன பலத்தை எந்தப் பசையும் திருப்பித் தராது. அப்படிப்பட்ட தாளைப் புதுப் பசையில் இறுக்கினால் பசை விடாது, பசைக்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளித் தாளே ஒடியும். அந்த நிலையில் பைண்டிங் பேச்சே வேண்டாம். தாள்தாளாக ஸ்கேன் செய்து, படிக்க ஒரு பிரதி அச்சிட்டுக்கொண்டு, மூலத்தை ஒரு அட்டைப்பெட்டியில் தட்டையாகக் கிடத்திவிடுவதுதான் வழி. மாத நாவல்களும், வார இதழ்களிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தைத்த தொடர்கதைகளும் பெரும்பாலும் இந்த ரகம். உங்களுடையது எது என்பதை அந்த மூலைதான் சொல்ல வேண்டும்.

அடுத்து கட்டு. உதிர்ந்த தாள்கள் ஒற்றையாக வருகின்றனவா, ஜோடியாக வருகின்றனவா என்று பாருங்கள். ஒரு தாளை இழுத்தால் சில தாள் தள்ளி இன்னொன்றும் சேர்ந்து வந்தால், அது மடித்துத் தைத்த புத்தகம். ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடித்த 16 பக்கம் ஒரு ஃபாரம் என்ற கணக்கில் 17, 33, 49-ஆம் பக்கங்களின் அடியில் சின்னதாக ஒரு எண் அச்சாகியிருந்தால், அது ஃபாரம் எண். ஆனால் அந்த எண் இருப்பதாலேயே தைத்த புத்தகம் என்று முடிவு கட்ட வேண்டாம், மடித்த ஃபாரத்தின் முதுகைச் சீவிப் பசையில் நிறுத்துவதும் உண்டு. 8-ஆம் பக்கத்துக்கும் 9-ஆம் பக்கத்துக்கும் நடுவில் நூல் தெரிகிறதா என்பதுதான் நிச்சயமான அடையாளம். நூல் தெரிந்தால் முதுகில் பிளேடே வைக்கக் கூடாது. ஒரு முறை சீவிவிட்டால் முப்பது ஃபாரமும் 240 ஒற்றைத் தாளாகிவிடும், மறுபடி தைக்க வழியிருக்காது. அறுந்த இடத்தில் மட்டும், மெழுகு தடவிய பருத்தி நூலால், பழைய துளைகளிலேயே தைத்துக்கொள்ளலாம். நைலான், பாலியஸ்டர் நூல் வேண்டாம், அறுந்து போகாது என்பது உண்மைதான், அது தாளை அறுத்துவிடும்.

ஓரத்தில் கம்பிப் பின் அடித்த புத்தகமாக இருந்தால் கதை வேறு. நம் ஊர்க் கடல்காற்றில் பின் துருப்பிடித்து, சுற்றியுள்ள தாளையும் பழுப்பாக்கி ஓட்டை போட்டிருக்கும். பின்னின் தலையை இடுக்கியால் பிடித்து இழுத்தால் துருவோடு தாளும் பிய்ந்து வரும். புத்தகத்தைக் கவிழ்த்து, மடங்கிய இரண்டு கால்களையும் மெல்லிய கத்தி நுனியால் நிமிர்த்திவிட்டு, பிறகு முன்பக்கமிருந்து எடுங்கள்.

மூன்றாவது வகை, பெர்ஃபெக்ட் பைண்டிங். முதுகைச் சீவிப் பசை தடவி ராப்பரை அதன்மேல் ஒட்டிவிடுவது, அவ்வளவுதான். பெயரில் மட்டும்தான் பெர்ஃபெக்ட். ஒற்றைத் தாளாக உதிர்கிறது, நடுவில் பிளந்திருக்கிறது என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது இதுவாகவே இருக்க வேண்டும். சூடாக உருக்கி ஊற்றும் பசை தாளின் விளிம்பை மட்டும்தான் பிடிக்கும். தாளுக்கும் தாளுக்கும் நடுவில் அது இறங்காது. வயதாக ஆகப் பசை விறைத்து, புத்தகத்தை விரியத் திறந்த இடத்தில் கண்ணாடிபோல் விரிசல் விடும். ஒரு இடத்தில் விரிசல் விட்ட பசை அடுத்த இடத்திலும் விடும் என்பதால்தான், அந்தப் பிளவுக்குள் ஃபெவிகாலைப் பிதுக்கி மூடுவது வீண்வேலை. பழைய பசை பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பானது, அதன்மேல் ஃபெவிகால் பிடிக்காது. ஃபெவிகாலுக்கு வேண்டியது காகித நார்.

நாலைந்து தாள் மட்டும் உதிர்ந்து மற்றதெல்லாம் உறுதியாக இருந்தால், தாளின் உள்ஓரத்தில் 2 மி.மீ. அகலத்துக்கு மட்டும் பசை தடவி, இடத்தில் செருகி, எடை வைத்தால் போதும். தாளின்மேல் ஒரு வேஸ்ட் காகிதத்தை வைத்து 2 மி.மீ. மட்டும் தெரியும்படி மூடிக்கொண்டு தடவினால் கோடு ஒழுங்காக வரும். இருபது தாளை இப்படிச் செருகினால் ஒவ்வொரு பசைக்கோடும் சேர்ந்து முதுகு உப்பிவிடும், முதுகுக்கு எதிரே உள்ள வாய்ப்பக்கம் தாள்கள் வெளியே துருத்தும். ஆகவே உங்கள் புத்தகத்துக்கு என் யோசனை, முழுக்கப் பிரித்துப் புதிதாக ஒட்டுவது. காகிதம் மடிப்பைத் தாங்கினால் மட்டும்.

பிரிப்பதற்கு முன் பக்க எண்களைச் சரிபார்த்துவிடுங்கள். ஒட்டிய பிறகு 113-ஆம் பக்கம் காணோம் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. காணாமல் போயிருந்தால், எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் புத்தகங்களின் பிரதியைப் பெறும் நான்கு நூலகங்களில் அது ஒன்று. எல்லாப் பதிப்பாளரும் ஒழுங்காக அனுப்பினார்கள் என்று சொல்ல முடியாது, ஆனாலும் தேடத் தொடங்க அதைவிட நல்ல இடம் சென்னையில் இல்லை.

ராப்பரை எடுப்பதில் அவசரம் கூடாது. முதுகின்மேல் ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து இரண்டு மூன்று நிமிடம் காட்டினால் உருக்குப் பசை இளகும். அப்போது மெதுவாக உரித்தெடுக்கலாம். ராப்பரில் லேமினேஷன் இருந்தால் முன்பக்கப் படத்தின்மேல் சூடு படவிடாதீர்கள், குமிழ் விட்டுச் சுருங்கும். சூட்டுக்கு இளகாமல், பசை பழுப்பாகக் கற்கண்டு மாதிரி உடைந்தால் அது விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் வச்சிரப் பசையாக இருக்கலாம். ஈர விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். அதற்குச் சூடு வேலைக்காகாது. கெட்டியான மைதாக் கஞ்சியை முதுகின்மேல் பூசி இருபது நிமிடம் விட்டால் ஊறிவிடும், மழுங்கிய கத்தியால் வழித்துவிடலாம். தண்ணீரைத் தடவினால் தாளுக்குள் இறங்கும், கஞ்சியோ ஈரத்தை மேலேயே பிடித்து வைத்திருக்கும்.

இனி தாள்களை நாலைந்தாகப் பிரித்து, விளிம்பில் ஒட்டியிருக்கும் பசையை நகத்தாலோ கத்தியாலோ உரித்தெடுங்கள். உரிய மறுக்கும் இடத்தில் இரும்பு ஸ்கேல் வைத்துப் புது பிளேடால் விளிம்பைச் சீவலாம், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். எல்லாத் தாளையும் அதே அளவு சீவ வேண்டும், இல்லாவிட்டால் வாய்ப்பக்கம் படிக்கட்டாகிவிடும். பிறகு தாள்கட்டைக் கண்ணாடி மேஜையிலோ கிரானைட் மேடையிலோ தட்டித் தட்டி முதுகையும் தலைப்பக்கத்தையும் சமப்படுத்துங்கள். அலுப்பான வேலை, ஆனால் மொத்த வேலையின் அழகு இந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. தட்டியதும் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, முதுகு இரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரிய ஜி கிளாம்பால் இறுக்கி, 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் முதுகின் நீளவாக்கில் தேயுங்கள். வழவழப்பு போய்த் துணிபோல் பஞ்சு எழும்ப வேண்டும். பழைய டூத்பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிடுங்கள்.

பசை ஒட்டுவதில் ஜெர்மன்காரர் எமில் லும்பெக்கின் பெயரால் வழங்கும் ஒரு முறை உண்டு. வீட்டில் செய்யக்கூடியவற்றில் இதைவிட உறுதியானது கிடையாது. பலகைகளைக் கீழே இறக்கி, கட்டின் பாதி உயரம் வரை மட்டும் பிடிக்குமாறு மறுபடி இறுக்குங்கள், முதுகு மேலே பார்க்கட்டும். மேல்பாதியை வலப்பக்கம் சாய்த்தால், சீட்டுக்கட்டை விரித்ததுபோல் தாள்கள் படிப்படியாக நழுவி, ஒவ்வொரு தாளின் ஓரமும் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் வெளியே தெரியும். அந்தச் சரிவின்மேல், நடுவிலிருந்து இரண்டு முனைகளை நோக்கி, பிரஷ்ஷால் மெல்லிசாகப் பசை. உடனே இடப்பக்கம் சாய்த்து அங்கேயும் அதே மாதிரி. நிமிர்த்தியதும் ஒவ்வொரு தாளும் இரண்டு பக்கத்துத் தாளையும் ஒரு மயிரிழைப் பசையால் பிடித்திருக்கும். பழைய கட்டில் இல்லாமல் போனது இதுதான். நிமிர்த்தியவுடன் பலகைகளை முதுகுவரை ஏற்றி இறுக்கி, மேலே இன்னொரு பூச்சு. இதற்கெல்லாம் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். மே மாதத்தில் அதுவும் கிடையாது. பசை தடவும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் இடப்பக்கம் சாய்ப்பதற்குள் வலப்பக்கம் தோல் கட்டிவிடும். முதல் தடவையே அம்மாவின் புத்தகத்தில் கை வைக்காமல், ஏதாவது பழைய கைடு புத்தகத்தில் ஒரு முறை பழகிக்கொள்வது புத்திசாலித்தனம்.

பசை எது என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபெவிகால் என்று நாம் சொல்லும் வெள்ளைப் பசை பி.வி.ஏ. (பாலிவினைல் அசிடேட்) வகை, இந்த வேலைக்கு ஏற்றதுதான். மரவேலைக்கு விற்கும் கெட்டி ரகம் காய்ந்தபின் விறைப்பாக இருக்கும் என்பதால் அதைத் தடிமனாகப் பூசக் கூடாது. மூன்று மெல்லிய பூச்சு ஒரு தடித்த பூச்சைவிட எவ்வளவோ மேல். தண்ணீர் கலப்பதானால் பத்துப் பங்குக்கு ஒரு பங்கு, அதற்கு மேல் போனால் தாள் ஈரம் குடித்து நெளியும். இரும்பையும் பிளாஸ்டிக்கையும் நொடியில் ஒட்டும் அந்தச் சின்ன டியூப் பசையைப் புத்தகத்தின் அருகில் கொண்டுவராதீர்கள், தாளில் ஊறிக் கல்லாகிவிடும். மைதாப் பசை முதுகுக்குப் பலம் போதாது, அட்டை ஒட்டவும் காலிகோ என்ற பைண்டிங் துணி ஒட்டவும் நன்றாக இருக்கும். பழைய பைண்டர்கள் அதில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். பூச்சி வராது என்பது உண்மை. அது விஷம் என்பதும், தாமிரம் காகிதத்தைச் சீக்கிரம் பழுப்பாக்கி முறிய வைக்கும் என்பதும் உண்மை. வைத்துக் காப்பாற்ற வேண்டிய புத்தகத்துக்கு அது வேண்டாம். அன்றன்று காய்ச்சிய பசையை அன்றே தீர்த்துவிடலாம்.

முதல் பூச்சு காய்ந்ததும், 480 பக்கக் கனத்துக்கு ஒரு கூடுதல் பிடி கொடுக்கலாம். ஹாக்ஸா பிளேடால் முதுகின் குறுக்கே ஐந்தாறு இடத்தில், ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு, சற்றுச் சாய்வாக அறுத்து, பசையில் நனைத்த பருத்தி நூலை அந்தக் கீறலில் பதியுங்கள். வழவழ ஆர்ட் பேப்பர் என்றால் இது கட்டாயம், பசை அதன் பூச்சோடு உரிந்து வந்துவிடும். அச்சுத்தாள் என்றால் உங்கள் விருப்பம். அதன்மேல் துணி. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பேண்டேஜ் துணியோ, கஞ்சி போகத் துவைத்த மல் துணியோ எடுத்து, முதுகைவிட இரண்டு முனையிலும் ஒரு சென்டிமீட்டர் குறைவாக, அகலத்தில் இருபுறமும் இரண்டு சென்டிமீட்டர் அதிகமாக வெட்டி, ஈரப் பசைமேல் பதித்து விரலால் நீவிவிடுங்கள். வெள்ளையாக இருக்கும் பசை முழுக்கக் கண்ணாடியாகும்வரை கிளாம்பை அவிழ்க்கக் கூடாது. கோடையில் அரை நாள், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒரு முழு நாளுக்குக் குறையாமல். சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் வைத்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், முதுகு வளையும்.

இனி ராப்பர். செல்லோடேப்பைப் பற்றி நல்ல செய்தி சொல்ல முடியாது. டேப்பின் மேல்தாளை டிரையர் சூட்டில் இளக்கி மெதுவாக எடுத்துவிடலாம், மிச்சப் பிசினை அழிரப்பரால் உருட்டி ஓரளவு எடுக்கலாம். காகிதத்துக்குள் இறங்கிவிட்ட மஞ்சள் கறை அங்கேயேதான் இருக்கும். நெயில்பாலிஷ் ரிமூவர் போட்டால் கறையோடு அட்டைப்படத்தின் மையும் கிளம்பும். பல ஆண்டாக ஊறிய டேப் படத்தின்மேலேயே இருந்தால், எடுக்கும்போது மையும் சேர்ந்து வருமா என்பது ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் முயன்று பார்த்தால்தான் தெரியும். வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். ராப்பரின் முதுகுப் பகுதி முழுசாக இருந்தால், உட்புறம் மெல்லிய காகிதப் பட்டை ஒன்றை ஒட்டிப் பலப்படுத்தி, முதுகிலும் முதல் கடைசித் தாள்களின் உள்ஓரத்தில் 6 மி.மீ. அகலத்திலும் மட்டும் பசை தடவித் திரும்ப ஒட்டலாம், முன்னால் பார்த்த அதே புத்தகமாகத் தெரியும். மூன்று துண்டாகிப் போயிருந்தால் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டையில் புது ராப்பர் செய்து, பழைய முன்பக்கத்தை அதன்மேல் மைதாப் பசையால் ஒட்டுங்கள். புது அட்டையின் நார் ஓட்டம் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்த வளைவின் கோடுதான் நார் ஓடும் திசை. குறுக்கே அமைந்தால் மழைக்காலத்தில் அட்டை படகாக வளைந்து நிற்கும். அட்டை, மேப்லித்தோ தாள், காலிகோ எல்லாம் பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் விசாரித்தால் கிடைக்கும்.

பைண்டரிடம் கொடுப்பது தப்பில்லை. வேலை தெரிந்தவர்கள் திருவல்லிக்கேணியிலும் ராயப்பேட்டையிலும் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டு வந்தால், வழக்கமான வேலைதான் நடக்கும்: ஓரத்திலிருந்து 8 மி.மீ. தள்ளி ஊசியால் குத்தி ஒரு சைடு தையல், மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் ஒரு சீவல், பழைய ராப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு மேலே ரெக்சின். ஜென்மத்துக்கும் பிரியாது. விரியவும் விரியாது. கணக்குப் புத்தகத்துக்கும் நூலகப் பிரதிக்கும் அது சரியான கட்டுதான், உள்ஓரம் குறுகிய நாவலில் வரியின் கடைசி எழுத்துகள் தையலுக்குள் போய்விடும். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். எழுத்துக்கும் முதுகுக்கும் நடுவில் 18 மி.மீ. கூட இல்லை என்றால் சைடு தையலுக்குச் சம்மதிக்காதீர்கள். “அண்ணே, கட்டிங் வேண்டாம், சைடு தையல் வேண்டாம், முதுகில் பசையும் துணியும் போதும், ராப்பரை உள்ளே முதல் தாளாக வைத்துக் கட்டிக் கொடுங்க” என்று சொல்லி, அதையே ஒரு சீட்டில் எழுதி உள்ளே செருகிவிட்டு வாருங்கள். கடையில் பேசுபவர் ஒருவர், வேலை செய்பவர் இன்னொருவர் என்பதால் சீட்டுதான் காப்பாற்றும். கெட்டி அட்டை கேட்பதானால் 2 மி.மீ. கிரே போர்டு, தலையிலும் அடியிலும் 3 மி.மீ. வெளியே நிற்கிற மாதிரி, முதுகுக்கும் அட்டைக்கும் இடையில் 7 மி.மீ. பள்ளம் விட்டுக் காலிகோ. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் அட்டை திறக்கும்போதெல்லாம் முதல் தாளைப் பிடித்து இழுக்கும்.

வேலை முடிந்த புத்தகத்தை ஒரு வாரம் எடைக்கு அடியில் வையுங்கள், இரண்டு செங்கலைக் காகிதத்தில் சுற்றினால் போதும். பிறகு சுவரை ஒட்டாத அலமாரியில், நிற்கவைத்து, காற்றோட்டமாக. மைதாப் பசை பட்ட புத்தகத்தை இராமபாணமும் கரப்பானும் தேடி வரும் என்பதால் மாதம் ஒரு முறை கையில் எடுத்துப் புரட்டுவது நல்லது. பாச்சை உருண்டை வைப்பதானால் தாளில் படாமல் அலமாரி மூலையில். அம்மா கையில் கொடுக்கும் முன் கட்டைப் பழக்க வேண்டும். முதுகை மேஜைமேல் வைத்து, முன்னாலிருந்து பத்துத் தாள், பின்னாலிருந்து பத்துத் தாள் என்று மாறி மாறிச் சாய்த்து உள்ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். எடுத்த எடுப்பில் 240-ஆம் பக்கத்தைப் பிளந்து திறந்தால் புதுப் பசையும் பழைய இடத்திலேயே விட்டுவிடும்.